இரண்டு கடிதங்கள்: தாவரச் செல்லின் உணர்வை ஆராயப் போகிறவர் எதைத் தேர்வது?

முதுகலைத் தாவரவியல் முடித்து, தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கும் தேறியிருந்த மாணவி ஒருவர், முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் தருவதாகச் சொன்ன இரண்டு கடிதங்களோடு என்னிடம் வந்தார். ஒன்று ஜெர்மனியிலிருந்து வந்திருந்தது. தாவரச் செல் தன் சுவரின்மேல் விழும் அழுத்தத்தை எந்தப் புரதத்தின் துணையால் உணர்கிறது என்பதை, ஆய்வகங்களின் மாதிரிச் செடியான அரபிடாப்சிஸில் தேடும் ஆய்வகம் அது. மற்றொன்று இந்தியாவிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனத்துடையது. வெள்ளத்தில் மூழ்கிய நெல்லுக்குள் எத்திலீன் என்ற ஹார்மோன் வாயுவின் சமிக்ஞை எந்த வழியாகச் சென்று வளர்ச்சியை நிறுத்துகிறது என்பதை அங்கே ஆராய்கிறார்கள். “எதற்கு சார் போவது?” என்று அவர் கேட்டபோது, வெளிநாடா உள்நாடா என்ற ஒரே தராசில்தான் இரண்டு கடிதங்களையும் அவர் வைத்திருந்தார் என்பது தெரிந்தது. அவருடைய வீட்டிலும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

அந்தத் தராசு போதாது என்பது என் கருத்து. அந்தக் கடிதங்களுக்குள் மூன்று தேர்வுகள் மடிந்து கிடக்கின்றன. இதுவரை யாரும் காணாத ஓர் ஏற்பியை, அதாவது ஒரு சமிக்ஞையைச் செல்லில் முதலில் உணரும் புரதத்தை, தேடுவதா, ஏற்பி தெரிந்துவிட்ட ஒரு சமிக்ஞையின் பாதையைத் தொடர்வதா என்பது முதல் தேர்வு. எந்தச் செடியில் அதைச் செய்வது என்பது இரண்டாவது. எந்த ஊரில், எவ்வளவு காலம், என்ன ஊதியத்தில் என்பது மூன்றாவது. குடும்பத்தார் மூன்றாவதிலிருந்து தொடங்குவார்கள், அது இயல்பு. ஆனால் ஐந்து ஆண்டுகள் கழித்துக் கையில் ஆய்வேடு இருக்குமா என்பதைப் பெரும்பாலும் முதல் தேர்வுதான் தீர்மானிக்கிறது. ஆகவே அதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஏற்பியைக் கண்டுபிடிப்பது இத்துறையில் உள்ள பெரும் கனவு. ஹார்மோனோ ஒளியோ வெப்பமோ செல்லைத் தொடும்போது முதலில் அசையும் புரதம் எது என்று சொல்லிவிட்டவரின் பெயர் பாடநூலில் ஏறிவிடும். வெற்றிக் கதைகளைப் படித்தால் அது எளிமையாகவும் தோன்றும். எத்திலீனை எடுத்துக்கொள்வோம். 1901-இல் ரஷ்யாவில் நெல்ஜுபோவ் என்பவர், விளக்கெரிக்கும் வாயு கசிந்த அறையில் பட்டாணி நாற்றுகள் குட்டையாகவும் தடித்தும் படுத்தும் வளர்வதற்குக் காரணம் எத்திலீன்தான் என்று கண்டார். எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்ட பிறகு, 1988-இல், அதே குட்டை நாற்று ஒரு வடிகட்டியாகப் பயன்பட்டது. ஆயிரக்கணக்கான அரபிடாப்சிஸ் நாற்றுகளை இருட்டில் எத்திலீன் சூழ வளர்த்தபோது எல்லாம் குட்டையாக நிற்க, வாயுவை உணராத திடீர்மாற்ற நாற்று மட்டும் கூட்டத்தில் நெட்டையாக நின்றது. 1993-இல் அதன் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. அதுவே எத்திலீனின் ஏற்பி என்று பின்னர் உறுதியாயிற்று. கண்ணால் பார்த்தே பொறுக்கி எடுக்கக்கூடிய அறிகுறி, ஒற்றை மரபணுவில் ஒரு மாற்றம், தெளிவான விடை. இந்த வரிசையைப் படிக்கும் மாணவருக்கு, நமக்கும் ஒரு நெட்டை நாற்று கிடைக்காதா என்ற ஆசை வருவது இயற்கை.

அதே துறையின் மற்ற இரண்டு கதைகளையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். வளர்ச்சி ஹார்மோனான ஆக்சின் 1930-களிலேயே வேதியியல் முறைப்படி அடையாளம் காணப்பட்டுவிட்டது. செல்லின் உட்கருவில் அதைப் பிடிக்கும் ஏற்பி டிஐஆர்1 என்ற புரதம் என்பதை இரண்டு குழுக்கள் ஒரே இதழில் அடுத்தடுத்த கட்டுரைகளில் அறிவித்தது 2005-இல். அமெரிக்காவில் மார்க் எஸ்டெல் ஆய்வகத்தில் நிஹால் தர்மசிறியும் சுனேத்ரா தர்மசிறியும் ஒரு கட்டுரையை எழுதினார்கள். இங்கிலாந்தில் ஸ்டீஃபன் கெபின்ஸ்கியும் ஒட்டோலின் லைசரும் மற்றொன்றை எழுதினார்கள். இடையில் ஏபிபி1 என்ற இன்னொரு புரதம் நெடுங்காலம் ஆக்சின் ஏற்பி என்று கருதப்பட்டு வந்தது. அந்த மரபணு இல்லாவிட்டால் கரு இறந்துவிடும் என்று 2001-இல் ஒரு கட்டுரை வந்தது. 2015-இல் மரபணுத் திருத்தத்தின் மூலம் அதைத் துல்லியமாக நீக்கிப் பார்த்தபோது செடிகள் எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்தன. பழைய செடிகளில் கரு இறந்ததற்குப் பக்கத்து மரபணுவும் சேர்ந்து அறுந்துபோனதே காரணம் என்று தெரியவந்தது. 2022-இல் அதே ஏபிபி1 வேறொரு பணியோடு, செல்லுக்கு வெளியே ஆக்சினை உணரும் புரதமாக, மறுபடியும் மேடையேறியது. அறிவியலுக்கு இது ஆரோக்கியமான ஏற்ற இறக்கம். ஆனால் அந்த இறக்கத்தின் நடுவே, மூன்றாம் ஆண்டில், அந்தப் புரதத்தின்மேல் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தவர் யார் என்று நினைத்துப் பாருங்கள்.

வறட்சியில் இலைத்துளைகளை மூடச் செய்யும் அப்சிசிக் அமிலத்தின் கதை இன்னும் கடுமையானது. அதன் ஏற்பி கிடைத்துவிட்டது என்று 2006-இல் முன்னணி இதழ் ஒன்றில் வெளியான கட்டுரை 2008-இல் திரும்பப் பெறப்பட்டது. 2007-இல் வந்த இன்னொரு அறிவிப்பும் பிறருடைய சோதனைகளில் நிலைக்கவில்லை. 2009-இல்தான் அமெரிக்காவில் ஷான் கட்லரின் குழுவும் ஜெர்மனியில் எர்வின் கிரில்லின் குழுவும் இன்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கும் ஏற்பிக் குடும்பத்தைக் காட்டின. ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று என்பதற்கான விடையில்தான் நம் மாணவிக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. அரபிடாப்சிஸில் அந்த ஏற்பிக்கு 14 மரபணுக்கள் இருக்கின்றன. ஒன்றைக் கெடுத்தால் மற்றவை அதன் வேலையைச் செய்துவிடுகின்றன. செடியைப் பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது. எத்திலீனுக்குப் பலித்த நெட்டை நாற்று உத்தி இங்கே எத்தனை லட்சம் விதைகளை விதைத்தாலும் பலித்திருக்காது. கட்லர் வேறு வழியில் வந்தார். விதை முளைப்பதைத் தடுக்கும் பைராபாக்டின் என்ற செயற்கை வேதிப்பொருளைக் கண்டு, அதற்கு மசியாமல் முளைத்த விதைகளைத் தேடினார். அந்தப் பொருள் 14 ஏற்பிகளில் சிலவற்றையே தொடுவதால் ஒற்றை மரபணுவின் குறையும் வெளியே தெரிந்தது. சாமர்த்தியம் பாதி, எந்தப் பொருள் கைக்குக் கிடைக்கிறது என்ற அதிர்ஷ்டம் பாதி.

ஆகவே புதிய ஏற்பியைத் தேடும் பணியில் முனைவர் பட்டத்துக்குச் சேர்வதா என்ற கேள்விக்கு என் விடை நிபந்தனையோடு கூடியது. ஆய்வகத்தில் திடீர்மாற்றச் செடி ஏற்கெனவே இருந்து, அதன் அறிகுறி இரண்டு தலைமுறைகளாவது மாறாமல் வந்திருந்தால் தாராளமாகச் சேரலாம். தேடலையே நீங்கள்தான் தொடங்க வேண்டும் என்றால் அதை நிலையான பதவியில் இருப்பவருக்கு விட்டுவிடலாம். ஜோன் சோரியின் வாழ்க்கை இதற்கு நல்ல உதாரணம். 1988-இல் கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் ஆய்வகம் அமைத்து 2024-இல் மறையும்வரை அங்கேயே பணியாற்றிய அவர், ஒளியை உணரும் பாதையைத்தான் தேடினார். இருட்டில் வளர்ந்தும் வெளிச்சத்தில் வளர்ந்ததைப் போல இலை விரித்து நின்ற அரபிடாப்சிஸ் நாற்றுகளை அதற்காகவே பொறுக்கி வைத்தார். அவற்றில் ஒன்றின் மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது அது ஸ்டீராய்டு ஹார்மோன் ஒன்றைத் தயாரிக்கும் நொதிக்கானதாக இருந்தது. தாவரங்களின் வளர்ச்சிக்கு ஸ்டீராய்டு இன்றியமையாதது என்பதைத் துறை அப்போதுதான் உணர்ந்தது. 1997-இல் அதன் ஏற்பியும் அவருடைய ஆய்வகத்திலேயே வெளிவந்தது. கேள்வி ஒன்று, விடை வேறொன்று. கையில் நம்பகமான செடி இருந்ததால்தான் கேள்வி மாறியபோதும் உழைப்பு வீணாகவில்லை.

இனி இரண்டாவது வழி. தெரிந்த பாதையைத் தொடர்வது சுவையற்ற வேலை, அடுத்தவர் கண்டதற்கு அடிக்குறிப்பு எழுதுவது என்ற எண்ணம் நல்ல மாணவர்களிடம் உண்டு. வெள்ளத்து நெல்லைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வாயுக்கள் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். மூழ்கிய நெற்பயிர் வெளியிடும் எத்திலீன் வெளியேற வழியின்றித் தண்டுக்குள்ளேயே தேங்கிவிடுகிறது. அந்தத் தேக்கமே பயிருக்கு ‘நீ மூழ்கிவிட்டாய்’ என்ற செய்தி. இதுவரை எல்லா நெல்லுக்கும் ஒன்றுதான். அதன் பிறகு இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒடிசாவின் பாரம்பரிய நெல் ஒன்றிலிருந்து தெரிவு செய்யப்பட்ட எஃப்ஆர்13ஏ என்ற ரகத்தில் எத்திலீன் சப்1ஏ என்ற மரபணுவை எழுப்புகிறது. அது, தண்டை நீளச் செய்யும் ஜிப்பரெல்லின் ஹார்மோனின் விளைவை அடக்கி, பயிரை நீளவிடாமல் சர்க்கரையைச் சேமிக்க வைக்கிறது. இரண்டு வாரம்வரை மூழ்கியிருந்தாலும் நீர் வடிந்ததும் பயிர் துளிர்த்துவிடும். பல மாதம் வடியாத வெள்ளத்தில் வளரும் ஆழநீர் நெல்லில் அதே எத்திலீன் ஸ்நார்கெல் என்ற இரண்டு மரபணுக்களை எழுப்புகிறது. அவை ஜிப்பரெல்லினை ஊக்கித் தண்டை ஒரு நாளில் 20 முதல் 25 சென்டிமீட்டர்வரை நீட்டி, நீர்மட்டத்துக்கு மேலே தலையைக் கொண்டுவந்துவிடுகின்றன. சப்1ஏ 2006-இலும் ஸ்நார்கெல் 2009-இலும் அறிவிக்கப்பட்டன. இரண்டும் ஒரே மரபணுக் குடும்பத்தின் உறுப்பினர்கள் என்பதுதான் வியப்பு. செய்தி ஒன்று, அதைப் படிக்கும் குடும்பமும் ஒன்று, செய்கை மட்டும் நேர் எதிர்.

இந்தக் கண்டுபிடிப்பு ஆய்வேட்டோடு நின்றுவிடவில்லை என்பது தமிழ்நாட்டு வாசகருக்குத் தெரிந்திருக்கும். சப்1ஏ மரபணுவைக் கலப்பின் மூலம் பெற்ற சிஆர் 1009 சப்1 ரகம் காவிரிப் படுகையில் சம்பாவுக்கு விதைக்கப்படுகிறது. நட்டு வேர்பிடிக்கும் காலத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் வயல்களில் அந்த ஒரு மரபணு செய்யும் வேலையை நாற்று அழுகிய வேதனையை அனுபவித்த விவசாயியிடம்தான் கேட்க வேண்டும். எத்திலீன் என்ற சொல் அங்கே யாருக்கும் தேவைப்படுவதில்லை.

தெரிந்த பாதையைத் தொடர்பவருக்கே சில சமயம் புதிய உணர்வு ஒன்றும் அகப்படுகிறது. இறுகிய மண்ணில் வேர் ஏன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது என்பதற்கு, வேர் முட்டி முட்டிப் பார்த்து ஓய்ந்துவிடுகிறது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2021-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலிருந்து பிபின் பாண்டேயும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட முடிவு அதை மாற்றியது. மண் இறுகும்போது காற்றிடைவெளிகள் குறைந்து, வேர் வெளியிடும் எத்திலீன் வேரைச் சுற்றியே தேங்குகிறது. அந்தத் தேக்கம்தான் வேரை நிறுத்துகிறது. எத்திலீனை உணராத நெற்செடிகளின் வேர்கள் இறுகிய மண்ணையும் துளைத்துச் சென்றன. ஜெர்மனியிலிருந்து வந்த கடிதம் அழுத்தத்தை உணரும் புரதத்தைத் தேட அழைத்தது. அந்த வகைக் கேள்வியில் ஒன்றுக்காவது, புதிய புரதமே தேவைப்படாமல், நூறாண்டுப் பழமையுள்ள வாயுவே விடையாகிவிட்டது. அழுத்த உணர்வு முழுவதும் இப்படித் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. செல்சவ்வில் இழுவிசைக்குத் திறக்கும் அயனி வாயில்கள் இருக்கின்றன, அவற்றின் பணி இன்னும் முழுமையாக விளங்கவில்லை. தெரிந்த பாதையும் புதிய நிலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதே நான் சொல்ல வருவது.

செடியைத் தேர்வதற்கு வருவோம். அரபிடாப்சிஸ் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு களை. விதையிலிருந்து விதைக்கு ஆறு முதல் எட்டு வாரம். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை தரும். மரபணுத் தொகுதி ஏறத்தாழ 13 கோடி எழுத்துகள் கொண்டது, 2000-ஆம் ஆண்டிலேயே படித்து முடிக்கப்பட்டது. மரபணுவைச் செடிக்குள் கடத்தும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியத்தின் கரைசலில் பூங்கொத்தைத் தோய்த்து எடுத்தாலே மரபணு புகுந்துவிடும் என்ற எளிய முறை 1998 முதல் புழக்கத்தில் இருக்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு மரபணுவும் பழுதான விதைகளை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உள்ள விதைக்கிடங்குகளிலிருந்து வரவழைக்கலாம். நெல்லின் தொகுதி ஏறத்தாழ 39 கோடி எழுத்துகள், முழுமையாகப் படிக்கப்பட்டது 2005-இல். ஒரு தலைமுறைக்கு நான்கு மாதமாவது ஆகும். மரபணுவைப் புகுத்தத் திசு வளர்ப்பு வேண்டும். அதிலும் ஜப்பானிய ரகங்கள் இணங்கும் அளவுக்கு நம் நாட்டு இண்டிகா ரகங்கள் இணங்குவதில்லை. மரபணு புகுத்திய மாற்றுச்செடி ஒன்றை உருவாக்கி அதன் பேரப்பிள்ளைகளில் மரபணு நிலைத்திருப்பதைக் காட்ட அரபிடாப்சிஸில் எட்டு மாதம் போதும் என்றால், நெல்லில் ஒன்றரை ஆண்டு ஆகிவிடும். ஐந்தாண்டுப் பட்டத்தில் இந்த வேறுபாடு சிறியதன்று.

எண்களை மட்டும் பார்த்தால் களை வென்றுவிட்டது. ஆனால் அந்தக் களைக்கு 22 டிகிரி வெப்பமும் நாளொன்றுக்கு 16 மணி நேர வெளிச்சமும் வேண்டும். சித்திரை வெயிலில் சென்னையிலோ ஹைதராபாத்திலோ அதை வளர்ப்பதென்றால் குளிரூட்டிய வளர்ப்பறை, அதற்கு மாற்று மின்சாரம், இரவில் மின்னாக்கி பழுதானால் ஓடிவர ஓர் ஆள், இவ்வளவும் தேவை. ஒரு வாரக் கடைசியில் அறை 38 டிகிரிக்கு ஏறி, நான்கு மாத விதைகள் மலடாகிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். வெப்பச் சமிக்ஞையை ஆராய்ந்த மாணவர் ஒருவரால் மட்டும் அன்று சிரிக்க முடிந்தது. வெளிநாட்டு விதைக்கிடங்கிலிருந்து விதை வர தேசியத் தாவர மரபணு வளப் பணியகத்தின் இறக்குமதி அனுமதியும் தனிமைச் சோதனையும் உண்டு. நெல்லுக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. கண்ணாடி வீட்டில், நம் வெயிலிலேயே, தொட்டியில் நிற்கும்.

வசதியைத் தாண்டி, நெல்லுக்குச் சாதகமான அறிவியல் காரணம் ஒன்றும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஜிப்பரெல்லினின் ஏற்பி முதலில் கிடைத்தது அரபிடாப்சிஸில் அன்று. ஜப்பானின் நாகோயாவில், 2005-இல், எவ்வளவு ஹார்மோன் கொடுத்தாலும் குட்டையாகவே நின்ற ஒரு நெற்செடியில். நெல்லில் அந்த ஏற்பிக்கு ஜிஐடி1 என்ற ஒரே மரபணு இருக்கிறது. அரபிடாப்சிஸில் மூன்று இருந்து ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருந்தன. அப்சிசிக் அமிலத்தில் 14 மரபணுக்கள் செய்த அதே மறைப்புதான் இதுவும். மாதிரிச் செடி என்று பெயர் பெற்றதாலேயே எல்லாக் கேள்விக்கும் அது எளிய வழியாகிவிடாது. நீங்கள் எடுக்கும் ஏற்பிக் குடும்பத்தில் எந்தச் செடியில் எத்தனை மரபணுக்கள் என்று சேர்வதற்கு முன்பே ஒரு மாலை உட்கார்ந்து எண்ணிப் பார்க்கலாம்; தரவுகள் எல்லாம் இணையத்தில் இலவசம். இந்த எண்ணிக்கையைக் குறைப்பதற்காகவே இன்று பலர் மார்கான்ஷியா என்ற ஈரல்செடிக்குப் போகிறார்கள். பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படம் வரைந்த அதே செடிதான். 2017-இல் வெளியான அதன் மரபணுத் தொகுதியில் பல சமிக்ஞைப் பாதைகளுக்கு ஒன்றிரண்டு மரபணுக்களே உள்ளன. ஆனால் வேரும் பூவும் இல்லாத செடியில் கிடைக்கும் விடை வயலுக்கு வந்துசேர நெடுந்தூரம் இருக்கிறது. வேலைவாய்ப்பு விளம்பரங்களிலும் அதன் பெயரைக் காண்பது அரிது.

இத்துறையில் கருவியை முன்வைத்துச் சேர்பவர்களும் உண்டு. 2018-இல் சைமன் கில்ராயின் குழு வெளியிட்ட படங்களில், புழு கடித்த இலையிலிருந்து கால்சியம் அலை நொடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் மற்ற இலைகளுக்கு ஓடுவதைக் கண்ணால் காணலாம். அதைப் பார்த்து நுண்ணோக்கியின்மேல் காதல் கொண்டவர்கள் பலர். நுண்ணோக்கித் திறன் எந்தத் துறைக்கும் எடுத்துச் செல்லக்கூடியது என்பதால் அது மோசமான தேர்வல்ல. ஒரே எச்சரிக்கை: செடிக்கு மூளை உண்டு, நினைவு உண்டு என்று பேசும் பக்கம் சாய்ந்துவிட்டால் தேர்வுக் குழுக்கள் முகம் சுளிக்கும். ‘தாவர நரம்பியல்’ என்ற பெயரையே எதிர்த்து 2007-இல் 36 அறிவியலாளர்கள் கையெழுத்திட்ட கடிதம் வெளியாயிற்று. தொட்டாற்சுருங்கியின் மின்துடிப்பை அளந்த ஜகதீச சந்திர போஸுக்குக் கிடைத்த ஐயப்பார்வை இன்னும் முழுதாக விலகவில்லை. அவருடைய அளவீடுகளில் பல காலத்தை வென்றன. அவற்றுக்கு அவர் சூட்டிய சொற்களின்மேல்தான் சண்டை.

மூன்றாவது தேர்வான ஊரும் ஊதியமும். இந்தியாவில் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு முதுநிலையில் 42,000 ரூபாய், விடுதி இல்லாவிட்டால் வீட்டு வாடகைப் படி தனி. அது ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் வந்துவிடும் என்று நம்பித் தவணைக் கடன் எதையும் எடுக்க வேண்டாம். ஜெர்மனியில் முனைவர் பட்ட மாணவர் பெரும்பாலும் அரசு ஊதிய அளவில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குவரை பெறும் பணியாளர். ஒப்பந்தம் மூன்று ஆண்டு, நான்காவதாக நீட்டிப்பது வழக்கம். சேமிப்பு, கருவிகள், கருத்தரங்குப் பயணம் என்று பார்த்தால் ஒப்பிடவே முடியாது. ஆனால் மூன்று நான்கு ஆண்டு என்ற அந்தக் குறுகிய காலம் ஏற்பியைத் தேடும் பணிக்குப் பொருந்தாத அளவுகோல் என்பதைச் சேர்த்தே பார்க்க வேண்டும். பட்டத்துக்குப் பிறகும் அங்குள்ள பல்கலைக்கழகங்களில் தற்காலிக ஒப்பந்தத்தில் ஆறு ஆண்டுகள்வரைதான் இருக்க முடியும் என்று சட்டம் இருக்கிறது. நிலையான பேராசிரியர் இடம் கிடைக்காதவர்கள் அந்த வயதில் திரும்பிப் பார்க்கும்போது, ஊருக்கு வர ராமலிங்கசாமி மீள்வருகை உதவித்தொகை போன்ற சில கதவுகளே திறந்திருக்கும். அந்தக் கதவில் நிற்கும்போது கேட்கப்படும் முதல் கேள்வி, ‘இங்கே எந்தப் பயிரில் வேலை செய்வீர்கள்?’ என்பதாகவே பெரும்பாலும் இருக்கும்.

தனியார் விதை நிறுவனங்களைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. அங்கே ஏற்பி என்ற சொல் அரிதாகவே ஒலிக்கும். குறியீட்டு மரபணு, வயல் சோதனை, ஒழுங்குமுறைக் கோப்பு என்பவையே அன்றாடம். எனினும் 2025 மே மாதத்தில் மத்திய அரசு அறிவித்த இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்களைக் கவனித்தால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெரியும். சம்பா மசூரியிலிருந்து உருவான ‘டிஆர்ஆர் தான் 100’ என்ற ரகத்தில் திருத்தப்பட்டது, சைட்டோகைனின் ஹார்மோனைச் சிதைக்கும் நொதியின் மரபணு. எம்டியு 1010-இலிருந்து உருவான பூசா டிஎஸ்டி ரைஸ் 1 ரகத்தில் திருத்தப்பட்டது, இலைத்துளை எவ்வளவு திறக்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் மரபணு. இரண்டுமே சமிக்ஞைப் பாதைகள். இரண்டின் அடிப்படையும் 2005-க்கும் 2009-க்கும் இடையில் ஜப்பானிலும் சீனாவிலும் நெல்லிலேயே கண்டறியப்பட்டது. களையில் கற்ற பாடம் வயலுக்கு வருவதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. கட்லரின் குழு 2015-இல் அப்சிசிக் அமில ஏற்பியை மாற்றியமைத்து, கடையில் விற்கும் ஒரு பூசணக்கொல்லியைத் தெளித்தாலே செடி இலைத்துளையை மூடிக்கொள்ளுமாறு செய்துகாட்டியது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, இரண்டு ஆய்வகங்களுக்கும் ஒரே கேள்வியை எழுதிக் கேட்கும்படி அந்த மாணவியிடம் சொன்னேன்: உங்கள் கருதுகோள் பொய் என்று மூன்றாம் ஆண்டில் தெரியவந்தால் என் ஆய்வேட்டில் என்ன இருக்கும்? இதைக் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை என்பதற்குப் பமேலா ரொனால்டின் ஆய்வகத்தைச் சுட்டிக்காட்டினேன். பாக்டீரியா இலைக்கருகல் நோயை உணரும் எக்ஸ்ஏ21 ஏற்பியை 1995-இல் நெல்லில் கண்டறிந்த ஆய்வகம் அது; அந்த மரபணுவைத் தாங்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி நம் வயல்களுக்கும் வந்தது. அந்த ஏற்பியைத் தூண்டும் பாக்டீரியப் புரதம் எது என்று 2009-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையை, அவர்களுடைய ஆய்வகத்திலேயே புதிதாகச் சேர்ந்தவர்களால் திரும்பச் செய்துகாட்ட முடியவில்லை. பாக்டீரிய வகைகளின் பெயர்ச்சீட்டு மாறியிருந்தது தெரிந்ததும் அவர்களே முன்வந்து அறிவித்து, 2013-இல் கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள். 2015-இல் சரியான மூலக்கூற்றைக் கண்டு வெளியிட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர் ‘வரவில்லை’ என்று சொல்லத் துணிந்ததும், தலைவர் அதைக் காது கொடுத்துக் கேட்டதும் அங்கே நடந்தன. ஓர் ஆய்வகத்தைத் தேர்வதில் எனக்கு ஊரைவிடவும் செடியைவிடவும் இது பெரிதாகத் தோன்றுகிறது.

ஜெர்மனியிலிருந்து ஒரு வாரத்தில் நேர்மையான பதில் வந்தது. திடீர்மாற்றச் செடி இன்னும் கையில் இல்லை, முதலாண்டுத் தேடலில் கிடைக்கும் என்று நம்புகிறோம், கிடைக்காவிட்டால் தலைப்பை மாற்றிக்கொள்ளலாம் என்று அந்தப் பேராசிரியர் எழுதியிருந்தார். நெல் ஆய்வகத்தின் பதில் அவ்வளவு பளபளப்பாக இல்லை. நான்கு ரகங்களில் நீரில் மூழ்கியபோது எடுத்த தரவுகள் ஏற்கெனவே இருக்கின்றன, உங்கள் மரபணுவுக்கு வேலையில்லை என்று தெரிந்தாலும் அந்த ஒப்பீடே இரண்டு அத்தியாயம் ஆகும், ஆனால் இண்டிகா ரகத்தில் மாற்றுச்செடி உருவாக்க ஓராண்டுக்கு மேல் காத்திருக்க நேரலாம் என்று அதில் இருந்தது. ஜெர்மனியில் செடி கையில் இருந்திருந்தால் அங்கே போகச் சொல்லியிருப்பேன், தயங்கியிருக்க மாட்டேன். அவர் நெல்லுக்குப் போனார். திசு வளர்ப்பு இரண்டு முறை பூஞ்சை பிடித்து வீணாயிற்று. மூன்றாம் முறையில் பிழைத்த நாற்றுகளைப் போன மாதம் தொட்டிக்கு மாற்றியிருக்கிறார். எண்ணிக்கை 11.